செக்போஸ்ட் ஏற்றம்

வத்தலக்குண்டு பைபாஸில் என் பஞ்சர் கடைக்கும் பாத்திமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அங்கே நடப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பாத்திமுத்துவுக்கு நாற்பது வயது இருக்கும். அவளுடைய சிஷ்யர் அங்குச்சாமிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாதி இந்தியாவை லாரியில் சுற்றிய மனுஷன். தூரத்துப் பார்வை மங்கி லைசென்ஸ் போனதும், "ஓட்டத்தான் முடியாது, வண்டிச் சத்தம் கேக்காம வீட்டுல கிடக்க என்னால ஆகாது" என்று இவளிடம் வந்து ஒட்டிக்கொண்டார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேஸ்திரி என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

அவர் கையில் வேலை சுத்தம். ஆனால் பொறுமை என்பது அந்த மனுஷனிடம் மருந்துக்கும் கிடையாது. வண்டி வாசலில் திரும்பும்போதே நோய் என்ன என்று சொல்லிவிடுவார். சொன்னதை மாற்றவும் மாட்டார்.

ஒருநாள் காலையில் வந்ததும் வராததுமாக அவளிடம் கேட்டார்.

"மேஸ்திரி, கோளாறு வண்டியில இருக்கா, ஓட்டுற ஆளுகிட்ட இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பாத்திமுத்து ஒரு பழைய ஃபில்டரை டீசலில் அலசிக்கொண்டிருந்தாள்.

"வண்டி வரட்டும்ணே" என்றாள்.

அவள் வாயில் வார்த்தை முடியவில்லை, ஒரு பிக்கப் வந்து நின்றது. மலை வண்டி. வாழைக்கறை படிந்த தொட்டி, முன்னால் காய்ந்துபோன எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மேலக்காடு என்று ஊர்ப் பெயர். டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபன் அவளை முந்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தான்.

"வண்டியில ஒண்ணுமில்லக்கா" என்றான் அவன். "எங்க மதினிக்கு ஓட்ட வரல. அதை நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும், நாங்க கிளம்பிடுவோம்."

அவன் பெயர் சுருளி. அந்தப் பெண் தமயந்தி, அவனுடைய அண்ணன் மனைவி. அண்ணன் மிளகு பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்ததிலிருந்து வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். மேலக்காட்டுக்கு அது ஒன்றுதான் வண்டி. காலையில் வாழைத்தாரும் பட்டர் ஃப்ரூட்டும் ஏற்றி இறங்கும். சாயங்காலம் அரிசி மூட்டை, ஆட்கள், ஹைஸ்கூல் பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு மலை ஏறும்.

"என்ன பண்ணுது?" என்று பாத்திமுத்து தமயந்தியைக் கேட்டாள்.

"சாயங்காலம் ஏறும்போது செக்போஸ்ட்ல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஆஃப் ஆயிடும்" என்றான் சுருளி. "கேட் போட்டிருப்பாங்க, நிப்பாட்டணும். நிப்பாட்டினா இவங்களுக்கு அணைஞ்சுபோகும். நானும் அப்பப்ப இதே வண்டியை ஓட்டி, அதே செக்போஸ்ட்ல நிப்பாட்டுறேன். எனக்கு ஒருநாளும் ஆனதில்ல. அப்ப கோளாறு எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அங்குச்சாமிக்குக் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போதுதான் கேட்ட கேள்விக்கு ஆளே கிடைத்தமாதிரி.

"கிளச்சை டபக்குனு விடுற பழக்கம்" என்றார். "புதுசா ஓட்டுறவங்க எல்லாருமே செய்யுறதுதான்."

"ரெண்டு நாளைக்கு முன்ன, வண்டி பின்னாடி உருண்டுடுச்சுக்கா" என்றான் சுருளி. அவன் குரல் இறங்கியது. "பிள்ளைங்க உள்ள இருக்கு. ஒரு கல்லு தடுத்துச்சு, பொழைச்சோம். அந்தப் பக்கம் பள்ளம். எனக்கு மதினி மேல கோபம் எல்லாம் ஒண்ணுமில்ல. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அவன் பயந்துதான் இருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஊரே பேசிடுச்சு" என்றாள் தமயந்தி. "நானும் ஒத்துக்கிட்டேன். இன்னொரு தடவை செக்போஸ்ட்ல ஆஃப் ஆச்சுன்னா சாவியை என் கையால மாமியார்கிட்ட குடுத்துடுறேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். நேத்து லீவு, வண்டி எடுக்கல. இன்னைக்குச் சாயங்காலம் ஏறணும்."

சேலை முந்தானையில் சாவிக்கொத்தை முடிந்து வைத்திருந்தாள். அதைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"களை எடுக்கப் போறது எனக்குக் கஷ்டமில்லக்கா. முன்ன போனவதான். ஆனா அந்த சீட்டுல உக்காந்த பிறகுதான் ஊர்ல நாலு பேரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. ஓட்டத் தெரியாதவன்னு பேரெடுத்துட்டு இறங்குறதுதான் எனக்குத் தாங்கல."

அங்குச்சாமி காத்திருக்கவில்லை. அவளிடம் சாவியை வாங்கி, ஏறி உட்கார்ந்து திருகினார். வண்டி பிடித்த மறுநொடி அவர் கால் ரேஸ் பெடலில் இருந்தது. உறுமு உறுமு என்று உறுமவிட்டார். என் கடைத் தகரம் அதிர்ந்தது.

"தங்கம் மாதிரி இருக்கு இன்ஜின்!" என்றார்.

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றான் சுருளி.

நானும் தகரத்துக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சத்தம் நல்லாத்தான் இருக்கு பாத்திமுத்து" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"அண்ணே, ரேஸ்ல இருந்து காலை எடுங்க" என்றாள் பாத்திமுத்து.

எடுத்தார். உறுமல் குறைந்தது, ஆனால் அடங்கவில்லை. நின்ற வண்டி இப்படிக் கத்தக்கூடாது.

"ஸ்லோவை இவ்வளவு மேல யாரு ஏத்தி வச்சது?"

ஸ்லோ என்பது, யார் காலும் படாமல் வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடுகிற மெல்லிய ஓட்டம். அதைக் கூட்டிக் குறைக்க இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஸ்லோ நிற்காமல் வண்டி அணைகிறது என்று போனால், பாதிப் பேர் அந்த ஸ்க்ரூவைத் திருகி ஓட்டத்தைக் கூட்டி அனுப்பிவிடுவார்கள். அஞ்சு நிமிஷ வேலை, வந்தவருக்கும் சந்தோஷம்.

"காட்டுன இடத்துல எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க" என்றாள் தமயந்தி. "ஏத்தினா நாலு நாள் நிக்கும். அப்புறம் பழையபடி ஆஃப் ஆகும். இப்ப மலை இறங்கும்போது, நான் மிதிக்காமலே வண்டி என்னைத் தள்ளிக்கிட்டுப் போகுது. பிரேக்கு சூடாகி நாத்தம் வருது. அதுக்கும் என்னைத்தான் வையுறாங்க."

பாத்திமுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அந்த ஸ்க்ரூவைத் திருகித் திருகி, ஓட்டம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறக்கினாள். இன்ஜின் சத்தம் தாழ்ந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஆள் மாதிரி ஆனது.

அங்குச்சாமி பதறிப்போனார். "ஐயய்யோ, என்ன மேஸ்திரி! இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்குறீங்க! சாயங்காலம் அவங்க ஏறணும்ல?"

பாத்திமுத்து பானெட்டில் சாய்ந்துகொண்டாள்.

"என் பொண்ணு கைக்குழந்தையா இருக்கும்போது எந்நேரமும் அழுவாண்ணே. அழுகிறப்ப எல்லாம் வாயில சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைப்போம். டக்குனு நிறுத்திடுவா. எங்க வீட்ல எல்லாருக்கும் பெருமை, பிள்ளையை அடக்கத் தெரிஞ்சிடுச்சுன்னு. ஒருநாள் வீட்ல சர்க்கரை இல்ல. அழட்டும்னு விட்டுட்டோம். அழுதுகிட்டே காதைப் பிடிச்சு இழுத்தா. பாத்தா உள்ள சீழ் வச்சிருக்கு."

அங்குச்சாமி வாயைத் திறந்தார்.

"இதைக் கொஞ்சம் வாயில வச்சுக்கங்கண்ணே" என்று அவள் ஒரு நட்டை நீட்டினாள். "கீழ விழுந்தாத் தொலைஞ்சுடும். பத்திரம்."

ஒர்க்‌ஷாப்பில் அது வழக்கம்தான். கழற்றிய நட்டை உதட்டுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அவர் இடுக்கிக்கொண்டார். வாய் அடைந்தது. சுருளியைப் பார்த்து, "தம்பி, எதிர்ல போயி டீ சொல்லிட்டு வாங்க, ஒருத்தருக்கு சர்க்கரை இல்லாம" என்றாள். அவனும் போனான்.

பிறகு தமயந்தியிடம் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க. எப்ப எல்லாம் ஆஃப் ஆகுது?"

தமயந்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று பழகிப்போன பார்வை அது. யாரும் சொல்லாததால் அவளே சொன்னாள்.

"ஏறும்போது மட்டும்தான்க்கா. காலையில இறங்கும்போது அதே செக்போஸ்ட்ல நிக்கிறேன், ஒண்ணும் ஆகாது. சந்தையில நிறுத்தி வச்சு லோடு இறக்குறேன், அப்பவும் ஆகாது. நிப்பாட்டின உடனேயும் ஆகாது. கேட்ல பேர் கேட்டு, மூட்டையைத் தூக்கிப் பார்த்து, முன்னாடி பஸ் நின்னா அதுக்கும் காத்திருந்து... அப்படி நேரம் ஆகும்போதுதான்."

"அணையுறதுக்கு முன்னாடி சத்தம் எப்படி இருக்கும்?"

"மேல கீழ மேல கீழன்னு போகும். மூச்சு வாங்குற மாதிரி. அப்புறம் பொசுக்குனு போயிடும்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையேக்கா."

அங்குச்சாமியின் உதட்டில் நட்டு ஆடியது. பாவம், எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"மாமா" என்று பாத்திமுத்து என்னைக் கூப்பிட்டாள். "சக்கரத்துக்குக் கொடுக்க ரெண்டு கட்டை எடுத்துக்கிட்டு வர்றீங்களா? கம்மாக்கரை ஏத்தத்துக்குப் போவோம்."

கடையை அப்படியே போட்டுவிட்டுக் கட்டையோடு கிளம்பினேன். பஞ்சர் எங்கே ஓடிவிடப் போகிறது?

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கண்மாய்க் கரைக்கு ஏறுகிற பாதை ஒன்று உண்டு. நல்ல செங்குத்து. தமயந்தி வண்டியைப் பாதி ஏற்றத்தில், மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக் போட்டாள். நான் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். கியரை எடுத்துவிட்டு அவள் இறங்கிக்கொண்டாள். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடியது.

"இப்ப என்னக்கா செய்யணும்?" என்றான் சுருளி.

"டீ குடிங்க" என்றாள் பாத்திமுத்து. "யாரும் வண்டியைத் தொடாதீங்க."

சும்மா இருப்பது லேசு என்று நினைக்கிறீர்களா? ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நாலு வண்டிக்காரர்களை ஒன்றும் செய்யாமல் உட்காரவைத்துப் பாருங்கள், தெரியும். நம் பக்கத்து மலை டிரைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி நின்றிருந்தாலும் கால் ரேஸை விட்டு வராது. லேசாக அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, உறுமிக்கொண்டே இருப்பான். அது அவனுக்கு ஒரு கெத்து. சுருளி இரண்டு வாட்டி எழுந்து கதவுப் பக்கம் போனான். இரண்டு வாட்டியும் பாத்திமுத்து "தம்பி" என்றாள், வந்து உட்கார்ந்தான். அங்குச்சாமி உட்கார்ந்த இடத்திலேயே வலது செருப்பால் மண்ணை மிதித்து மிதித்துக் குழி பறித்திருந்தார். எனக்கே கை அரித்தது.

நேரம் போனது. வண்டி நல்லபிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. கண்மாயில் ஒரு கொக்கு இடம் மாறி உட்கார்ந்தது. டீ டம்ளர்கள் காய்ந்தன.

"பாத்தீங்களா" என்றான் சுருளி. "அது பாட்டுக்கு ஓடுதுல்ல? ஏத்தமும் இருக்கு, ஸ்லோவையும் குறைச்சாச்சு. அப்புறம் என்னக்கா?"

தமயந்தியின் முகம் செத்துவிட்டது. வண்டிக்கு முன்னால் போய் நின்று, அதன் மூக்கில் கை வைத்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள். "தினம் தினம் மானத்தை வாங்கினியே. இன்னைக்கு ஒரு நாள் இவங்க முன்னாடி அணைஞ்சு தொலையேன்."

பாத்திமுத்து அசையவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் முதலில் கேட்டது. அவளுக்கு முன்னாலேயே கேட்டிருக்கும், அவள் சொல்லவில்லை. சத்தம் லேசாகத் தாழ்ந்து எழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. சுருளி தாவி எழுந்தான். அவன் கால் பழக்கத்தில் முன்னால் நீண்டது.

"உக்காருங்க தம்பி."

வண்டி ஒரு தடவை குலுங்கியது. பொசுக்கென்று அணைந்தது.

தமயந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வண்டி அணைந்ததற்குச் சந்தோஷப்பட்ட டிரைவரை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன்.

"சீட்டுல யாருமே இல்ல" என்றான் சுருளி, தனக்குத்தானே.

அங்குச்சாமி நட்டைக் கையில் துப்பினார். "ஃபில்டர் அடைப்பு! டீசல் வரல!"

"பாப்போம்ணே."

பாத்திமுத்து பானெட்டைத் திறந்தாள். டேங்க்கிலிருந்து டீசல் வரும் ரப்பர் பைப்பை ஃபில்டருக்கு முன்னால் கழற்றி, நடுவில் ஒரு முழம் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப்பைச் சேர்த்தாள். கைப்பம்பை அடித்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, தமயந்தியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

"டியூப்பைப் பாருங்கண்ணே. நீங்களே சொல்லுங்க."

அங்குச்சாமி குனிந்து மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. வழக்கம்போல் உடனே ஏதோ சொல்லப் போனார். என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குமிழி" என்றார் பிறகு. "ஒண்ணு. இன்னொண்ணு. முத்து முத்தா வருது மேஸ்திரி. டீசலோட காத்தும் சேர்ந்து வருது!"

வண்டியைக் கீழே சமதரைக்கு இறக்கிப் பார்த்தோம். குமிழி நின்றுபோனது. மறுபடி ஏற்றத்தில் வைத்தோம். மறுபடி முத்து முத்தாக வந்தது.

"பைப்பு எங்கயாவது ஓட்டையா இருக்கும்" என்று அங்குச்சாமி வண்டிக்கு அடியில் படுத்துப் போனார். டேங்க்கிலிருந்து முன்வரைக்கும் தடவிக்கொண்டே வந்தார். "ஒரு சொட்டு ஈரம் இல்லியே. ஓட்டைன்னா ஒழுகணும்ல?"

"வெளிய விடுற ஓட்டை ஒழுகும்ணே. உள்ள இழுக்கிற ஓட்டை ஒழுகாது. வளைச்சுப் பாருங்க."

டேங்க்குக்குப் பக்கத்தில், சேசிஸ் இரும்பைத் தொட்டுக்கொண்டு போகிற இடத்தில் ரப்பரை வளைத்தார். மீன் வாய் மாதிரி ஒரு வெடிப்பு திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

"அட சண்டாளா" என்றார் அங்குச்சாமி, அடியில் படுத்தபடியே.

ஏறும்போது டேங்க் பின்னால் கீழே போய்விடும், பம்ப் முன்னால் மேலே போய்விடும். டீசலைத் தம் கட்டி இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது அந்த வெடிப்பு வழியாகக் காற்று வரும். இறங்கும்போது டீசல் தானாகவே முன்னால் ஓடிவரும், இழுக்க வேண்டியதில்லை. ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் குமிழியை இன்ஜின் விழுங்கிக்கொண்டு ஓடிவிடும். சும்மா நிற்கும்போது விழுங்க முடியாது. இதை எல்லாம் அங்குச்சாமிதான் எனக்குச் சொன்னார், பைப்பை மாற்றிக்கொண்டே.

புதுப் பைப் போட்டு மறுபடி ஏற்றத்தில் வைத்தார்கள். இந்தத் தடவை முன்னைவிட அதிக நேரம். டியூப்பில் டீசல் ஒரே சீராக ஓடியது. கடைசியில் அவள் டியூப்பைக் கழற்றிவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்தாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அக்கா" என்றான் சுருளி. "அப்ப நான் ஓட்டும்போது ஏன் ஒருநாளும் ஆகல?"

"சாயங்காலம் உங்க மதினியை ஓட்டச் சொல்லிட்டு, நீங்க பக்கத்துல உக்காந்து போங்க தம்பி" என்றாள் பாத்திமுத்து. பிறகு சிஷ்யரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களும் செக்போஸ்ட் வரைக்கும் கூடப் போயிட்டு பஸ்ல வந்துடுங்க. எதையும் தொடாதீங்க. எதுவும் சொல்லாதீங்க."

"இந்த நட்டு?" என்று அங்குச்சாமி உள்ளங்கையை நீட்டினார். "இது எங்க மாட்டணும்?"

"அது இந்த வண்டி நட்டு இல்லண்ணே. டப்பாவுல போட்டுடுங்க."

நான் சிரித்த சிரிப்பில் கண்மாய்க் கொக்கு பறந்துவிட்டது. அங்குச்சாமி என்னை முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கவே இல்லை. நேராகத் தகரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்குச்சாமி வந்தார். பாத்திமுத்து வேலையை நிறுத்தாமல், "சொல்லுங்கண்ணே" என்றாள்.

"செக்போஸ்ட் ஏத்தத்துல நிப்பாட்டினாங்க மேஸ்திரி. முன்னாடி ஒரு பஸ்ஸு. பின்னாடி பிள்ளைங்க எல்லாம் கப்சிப்னு உக்காந்திருக்கு. அதுகளுக்கும் தெரியும்ல, இன்னைக்கு என்னன்னு. அந்தப் பொண்ணு ஹேண்ட்பிரேக்கைப் போட்டுச்சு, கியரை எடுத்துச்சு, ரேஸை விட்டுச்சு. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிச்சு. சாமி கும்புடல, ஒண்ணும் பண்ணல. சும்மா இருந்துச்சு."

"ம்."

"சுருளி நடுவுல உக்காந்திருந்தான், நான் ஓரத்துல. திடீர்னு பாக்குறேன், அவன் வலது கால் வெறும் தகரத்தைப் போட்டு அழுத்துது. அங்க ரேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிரிப்பு வந்துச்சு. குனிஞ்சு பாத்தா..." அவர் நிறுத்தினார். "என் காலும் அழுத்திக்கிட்டுதான் இருக்கு மேஸ்திரி."

பாத்திமுத்து நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"பஸ்ஸு நகரவே இல்ல. நேரமாச்சு. செக்போஸ்ட் கார்டு ஒருத்தர் சக்கரத்துக்குக் கொடுக்கக் கட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தாரு, தினமும் தள்ளிவிட்டுப் பழக்கம்போல. 'என்னம்மா, போட்டுடவா?'ன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு வாயைத் திறக்கிறதுக்குள்ள சுருளி என் மேல சாஞ்சு ஜன்னல் வழியா தலையை வெளிய நீட்டிட்டான். 'கட்டை வேணாம் சார். எங்க மதினி வண்டி ஆஃப் ஆகாது'ங்குறான்!"

"ஆச்சா?" என்றேன் நான். பொறுக்க முடியவில்லை.

"எங்க ஆகுது! ஒரு துடிப்பு மாறல. பஸ்ஸு போயி கேட்டைத் தூக்கிட்டாங்க, இது கிளம்பல. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான். அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுச்சு. அப்புறம்தான் கியரைப் போட்டுச்சு. நான் இறங்கி நின்னு பாத்தேன். வளைவு திரும்புற வரைக்கும் பிள்ளைங்க கத்துற கத்து இங்க வரைக்கும் கேட்டிருக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

அங்குச்சாமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, நட்டு இல்லாமல்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"சுருளி மலையிலயே ஓட்டிப் பழகினவன். நான் காலமெல்லாம் ஸ்டியரிங் பிடிச்சவன். இடையில எத்தனையோ மெக்கானிக்கு கை வச்சிருக்கான். எங்க யாருகிட்டயும் காட்டாத நோவை, அந்த வண்டி அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் ஏன் காட்டுச்சு?"

பாத்திமுத்து கழிவுத்துணியில் கையை விரல் விரலாகத் துடைத்தாள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணுதானேண்ணே ரேஸ்ல இருந்து காலை எடுத்துச்சு."